பெயின்ட் ஸ்டிக்: ஆட்டிசம் உள்ள தம்பி, தங்கையோடு சேர்ந்து வரைய எது சரி, எது சரியில்லை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்டிசம் உள்ள உடன்பிறப்போடு உட்கார்ந்து வரைய வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய வண்ணம் டெம்பரா பெயின்ட் ஸ்டிக்தான். ஆனால் 24 நிறங்கள் உள்ள பெரிய பெட்டி வேண்டாம். 6 அல்லது 12 நிறங்கள் உள்ள பெட்டியாக, ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். இரண்டு ஏன் என்பது கீழே வரும். இந்த விமர்சனத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் ஸ்டிக் என்பது பசைக் குச்சி போல அடியைத் திருகினால் மேலே வரும் கெட்டியான டெம்பரா வண்ணம், அதாவது போஸ்டர் கலர் வகை. பிரஷ் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், தட்டு வேண்டாம். மூடியைத் திறந்து நேரே தாளில் இழுக்க வேண்டியதுதான். கிரேயான் போல் அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. லேசாக இழுத்தாலே போஸ்டர் கலர் போட்டது போல அடர்த்தியாகப் படியும். குவிக் ஸ்டிக்ஸ், லிட்டில் பிரையன் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. பெட்டிகளில் பொதுவாக ‘90 நொடியில் காயும்’ என்று போட்டிருக்கும். மெல்லிய ஒரு பூச்சுக்கு அது சரியான கணக்கு. ஒரே இடத்தில் நாலு தடவை தேய்த்தால் அது 90 நொடியில் காயாது. மேல்தோல் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் பிசுபிசுப்பு இருக்கும்.

இந்தக் காயும் நேரம்தான் இதன் மிகப் பெரிய பலம். போஸ்டர் கலரில் வரைந்த தாள் தொடும் பதத்துக்கு வரவே 20, 30 நிமிடம் ஆகும். சேர்ந்து வரைவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான் உடைகிறது. தம்பி தாளைத் திருப்புவான், ஈரம் இழுபடும், அவன் போட்ட நேர்க்கோடு கோணலாகும், அதோடு அன்றைக்கு வரைவது முடிந்தது. பெயின்ட் ஸ்டிக்கில் அந்த இடைவெளியே கிட்டத்தட்ட இல்லை. இருக்கிற ஒன்றரை நிமிடத்துக்கும் ஒரு இரண்டு நிமிட மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தால் போதும். ‘கொஞ்சம் பொறு’ என்ற சொல்லுக்கு முடிவு எங்கே என்று தெரியாது. மணல் தீர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

தோல், காது, மூக்கு

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, புலன் உணர்வுகளில் உள்ள வேறுபாட்டையும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் சேர்த்தது. ஒலி, தொடுகை, மணம், வெளிச்சம் ஆகியவற்றில் சிலருக்குக் கூச்சம் மிக அதிகம். சிலருக்கு அவை போதவே போதாது, தேடித் தேடிப் போவார்கள். ஒரே ஆளுக்கே ஒலியில் கூச்சமும் தொடுகையில் தேட்டமும் இருக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் ‘3+’ என்ற வயது இதையெல்லாம் சொல்லாது. வண்ணம் வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் கணக்கில் பெயின்ட் ஸ்டிக்குக்கு நல்ல மதிப்பெண். சாக்பீஸும் சாஃப்ட் பேஸ்டலும் விரலில் தூளாக ஒட்டும். அந்த வறட்சி பலருக்குப் பல் கூசும் உணர்வைத் தரும். ஃபெல்ட் பேனா சில தாள்களில் கீச்சிடும். பெர்மனென்ட் மார்க்கரின் கரைப்பான் வாடையை மூடிய அறையில் தாங்குவது எல்லோருக்குமே கடினம். ஆயில் பேஸ்டல் நிறத்தில் அருமையானது, ஆனால் காயவே காயாது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் இழுபடும். ஃபிங்கர் பெயின்ட் குளிர்ந்து வழுவழுவென்று இருக்கும். தொட்டதும் கையை உதறுகிறவர்கள் நிறையப் பேர். பெயின்ட் ஸ்டிக்கில் தூள் இல்லை, சத்தம் இல்லை, கை நனைவதில்லை, வாடையும் மிகக் குறைவு. வாடை குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. புதுப் பெட்டியைத் திறந்ததும் சோப்பு போன்ற ஒரு மணம் வரும். முதல் நாள் நீங்கள் மட்டும் எல்லா மூடிகளையும் சில நிமிடம் திறந்து வைத்து மூடிவிடுங்கள். நீண்ட நேரம் திறந்து வைத்தால் காய்ந்துவிடும்.

ஒலியில் ஒரே குறை மூடிதான். சில தயாரிப்புகளின் மூடி ‘டக்’ என்று பலமாக அடைபடும். சிலருக்கு அது பிடித்துப்போய் வரைவதை விட்டு மூடுவதிலேயே இறங்கிவிடுவார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை, அதுவும் அவர் அந்தப் பொருளோடு பழகும் வழிதான். கூச்சம் உள்ளவருக்கு மட்டும் மூடிகளை முன்கூட்டியே நீங்கள் கழற்றி வையுங்கள்.

மறுபக்கம், தொடுகையைத் தேடிப் போகிறவருக்கு இந்தக் குச்சி சப்பென்று இருக்கும். மண்ணைப் பிசைவது, பெயின்டைக் கையால் வாரி இழுப்பது இதெல்லாம் பிடித்த தங்கைக்கு இதை மட்டும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துபோவாள். அவளுக்குக் களிமண்ணையோ ஃபிங்கர் பெயின்டையோ முதலில் கொடுத்து, அது காய்ந்த பிறகு மேலே பெயின்ட் ஸ்டிக்கால் வரையச் சொன்னால் இரண்டுக்கும் வேலை கிடைக்கும்.

தாளும் மேசையும்

சாதாரண 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் கணக்கு) ஜெராக்ஸ் தாளிலேயே இது ஓடும், ஆனால் ஒரே இடத்தில் தேய்ப்பவர் கையில் தாள் கசங்கிக் கிழியும். 160 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். பளபளப்பான தாள் கூடாது; வண்ணம் வழுக்கும், விளக்கொளி கண்ணில் அடிக்கும். வெள்ளையே கண்ணைக் கூசினால் மங்கலான பழுப்போ சாம்பலோ எடுக்கலாம். டெம்பரா ஒளி புகாத வண்ணம் என்பதால் நிறத் தாளிலும் மஞ்சள் மஞ்சளாகவே தெரியும். வாட்டர்கலரில் இது நடக்காது.

தாளின் நான்கு மூலைகளையும் மேசையோடு ஒட்டிவிடுங்கள். குச்சியின் முனை அகலமானது, இழுக்கும்போது தாளும் கூடவே வரும். நகரும் தாள் பொறுமையைச் சீக்கிரம் தின்றுவிடும். மாஸ்கிங் டேப்பை நேரே ஒட்டாமல் முதலில் ஒரு துணியில் ஒரு முறை ஒட்டி எடுத்துவிட்டு ஒட்டினால் பிசின் சற்றுக் குறையும். பிரிக்கும்போது தாள் கிழியாது. டேப்பைச் சுருளிலிருந்து இழுக்கும் ஒலி சிலருக்கு ஆகவே ஆகாது. துண்டுகளை அவர் வருவதற்கு முன்பே வெட்டி மேசை ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

பிடிமானத்தைப் பொறுத்தவரை குச்சி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிமன். பென்சிலை மூன்று விரலால் பிடிக்க முடியாதவரும் இதை முழுக் கையாலும் பற்றி வரைய முடியும். மேசையில் தோள் களைத்துவிடுகிறது என்றால் தாளைச் சுவரிலோ சாய்ந்த பலகையிலோ ஒட்டுங்கள். தண்ணீர் இல்லாத வண்ணம் என்பதால் கீழே வழியாது.

மஞ்சள் குச்சியின் பிரச்சினை

இப்போது குறைகளுக்கு வருவோம். இந்தப் பொருளில் எல்லோரையும் தடுக்கி விழவைக்கும் இடம் ஒன்று உண்டு. ஈரமான நீலத்தின் மேல் மஞ்சள் குச்சியை இழுத்தால் தாளில் பச்சை கிடைக்கும். ஆனால் மஞ்சள் குச்சியின் முனையிலும் ஒரு பச்சைக் கறை ஒட்டிக்கொள்ளும். அடுத்த கோடு மஞ்சளாகத் தொடங்காது, அழுக்குப் பச்சையாகத் தொடங்கி மெல்ல மஞ்சளாகும். மஞ்சள் என்றால் மஞ்சளாகத்தான் வர வேண்டும் என்று நம்பியிருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. அந்தப் பொருள் சொன்ன சொல் தவறிவிட்டது. அழுகையும் கோபமும் வந்தால் அது அடம் இல்லை.

தடுக்கும் வழி எளிது. வெளிர் நிறங்களை முதலில் போட்டுவிட்டு அடர் நிறங்களைப் பிறகு எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று போட வேண்டுமென்றால் மணல் கடிகாரம் முடியட்டும். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் நிரந்தரமாக இருக்க வேண்டும்; கறை பட்ட முனையை அதில் நான்கைந்து முறை இழுத்தால் உள்ளே சுத்தமான நிறம் வந்துவிடும். இதை வரைவதன் ஒரு படியாகவே பழக்குங்கள்: எடு, துண்டுத் தாளில் ஒரு கோடு, பிறகு படத்தில். கறை பட்ட பிறகு சமாதானப்படுத்துவதைவிட இது எவ்வளவோ நல்லது.

இரண்டு பெட்டி வாங்கச் சொன்னதன் காரணமும் இங்கேதான். ஒரே பெட்டியை இருவர் பகிர்ந்தால் அண்ணன் கலந்து தேய்த்த மஞ்சள்தான் தம்பிக்கு வரும். கூடவே, ‘இப்ப என் முறை’ என்று காத்திருக்க வேண்டிய இடங்களும் இரட்டிப்பாகும். சேர்ந்து வரைவதற்குத் தாளைப் பகிர்ந்தால் போதும், குச்சியைப் பகிர வேண்டியதில்லை. இரண்டாவது பெட்டியில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரே நிறத்தை மட்டும் விரும்புகிறவர் அதை ஒரு மாதத்தில் தீர்த்துவிடுவார். பல தயாரிப்புகளில் தனி நிறம் விற்பதில்லை, வேறு தயாரிப்பின் நீலம் அதே நீலமாக இருக்காது. உபரி ஒன்று கையில் இருப்பது நல்லது.

மூடியின் நிறமும் தாளில் விழும் நிறமும் பல பெட்டிகளில் ஒத்துப்போவதில்லை. குறிப்பாக ஊதா, கரும்பச்சை, மெட்டாலிக் நிறங்கள். வாங்கியதும் ஒரு அட்டையில் எல்லா நிறத்திலும் ஒரு கட்டம் அடித்து, மூடியின் படத்தைப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பேசாதவர் அந்த அட்டையைத் தொட்டே நிறம் கேட்கலாம். இது கூடுதல் வசதிதான், ஆனால் விலை மதிக்க முடியாதது.

திருகல், உடைதல், காய்தல்

அடியைத் திருகுவது சிலருக்கு வரைவதைவிடச் சுவையானது. முழுதாகத் திருகி, குச்சி நாலு சென்டிமீட்டர் வெளியே வந்து, தாளில் வைத்ததும் முறிந்து விழும். வெளியே நிற்க வேண்டியது அரை சென்டிமீட்டர்தான். அந்த அளவுக்குத் திருகிவிட்டு அடியையும் குழாயையும் சேர்த்து ஒரு சுற்று டேப் போட்டால் திரும்பாது. திருகும் ஆசைக்குத் தீர்ந்துபோன பசைக் குச்சியின் குழாய் ஒன்றைக் கழுவித் தனியாகக் கொடுங்கள், அதைப் பறிக்காதீர்கள். கை அதைத் திருகிக்கொண்டிருக்கும்போதே கண் படத்தில் இருக்கலாம்.

முறிந்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். குச்சியைக் கீழே இறக்கி, துண்டை அதன் மேல் வைத்து அழுத்தி, மூடி போட்டு ஒரு இரவு விட்டால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் இளகும். மூடாமல் விட்டால் மேலே கெட்டியான தோல் பிடிக்கும். ஓரிரு மில்லிமீட்டரைச் சீவி எடுத்தால் உள்ளே நன்றாக இருக்கும். இரண்டு நாள் திறந்தே கிடந்தால் மீட்பது சிரமம்.

தடிமனான பூச்சு உள்ள படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் போய்விடும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். துணியில் பட்டது சோப்பு போட்டு உடனே கழுவினால் போகும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அடித்த சுவரில் மட்டும் தடம் நிற்கலாம்.

நுண்கோடு விரும்புகிறவருக்கு

இதில் நுண்கோடு வராது. முனை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலம். ரயில் பெட்டியின் எண், ஜன்னல் கம்பி, மின்விசிறியின் இறக்கை என்று துல்லியம் தேடி வரைகிறவருக்கு இதை மட்டும் கொடுப்பது அநியாயம். அவருக்கு பெரிய பரப்புகளை இதில் நிரப்பச் சொல்லி, முழுதாகக் காய்ந்த பிறகு மேலே மெல்லிய பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போடச் சொல்லலாம். அப்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூச்சு தடிமனாக இருந்தால் மார்க்கர் முனை அடைத்துக்கொள்ளும், ஆகவே மெல்லிய ஒரே பூச்சு. கோட்டை முதலில் போட்டுவிட்டு மேலே வண்ணம் அடித்தால் கோடு மறைந்துபோகும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

துல்லியம் என்றதும் ஸ்டீபன் வில்ட்ஷயரை உதாரணம் காட்டுவார்கள். ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஓவியர். 2005-ல் டோக்கியோவை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்துவிட்டு நினைவிலிருந்தே 10 மீட்டர் நீளத்தில் வரைந்தவர். அவர் அவர்தான். தம்பி அப்படி வரைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாற்பது நீல வட்டங்கள் போட்டால் அது நாற்பது நீல வட்டங்கள் உள்ள ஒரு படம்.

ஒரே தாளில் இருவர்

எடுத்த எடுப்பில் ஒரே தாள் வேண்டாம். முதலில் ஒரே மேசை, ஆளுக்கொரு ஏ3 தாள். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டிய நெருக்கடி குறையும். அவர் வட்டம் போட்டால் உங்கள் தாளில் நீங்களும் வட்டம் போடுங்கள். ‘இது என்ன படம்?’ என்று கேட்காதீர்கள், அது பரீட்சை. ‘நீலம் மேல போகுது’ என்று கண்ணில் படுவதைச் சொன்னால் போதும். சொல்லாமல் இருந்தாலும் சரி. நீங்கள் போடுவதை அவர் எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஏ2 தாள் ஒன்றை விரித்து நடுவில் மாஸ்கிங் டேப்பால் எல்லை போடுங்கள். டேப்பை எடுப்பதா, எல்லை தாண்டுவதா என்பது அவர் முடிவு. மாதக்கணக்கில் டேப் அங்கேயே இருந்தாலும் நீங்கள் சேர்ந்துதான் வரைகிறீர்கள்.

அவர் போட்ட ரயிலுக்கு ஆசையாகக் கண்ணும் மூக்கும் வரைந்துவிடுவது அக்காக்களும் அண்ணன்களும் வழக்கமாகச் செய்வது. செய்யாதீர்கள். சேர்க்க ஆசையாக இருந்தால் ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றை அவர் படத்தின் மேல் வைத்து அதில் மார்க்கரால் வரையுங்கள். பிடித்தால் இருக்கட்டும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். அவர் படம் அப்படியே இருக்கும்.

கையைப் பிடித்து வரைய வைப்பதும் வேண்டாம். உதவி தேவைப்பட்டால் உங்கள் கையைக் கீழே வைத்து, அவர் கை மேலே இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் கையை எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் வித்தியாசம்.

எப்போது முடியும் என்பதும் தெரிய வேண்டும். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எரிக் ஷோப்லர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய டீச் (TEACCH) முறையில் ஒரு எளிய ஏற்பாடு உண்டு: செய்ய வேண்டியது இடப்பக்கம், முடிந்தது வலப்பக்கப் பெட்டியில். பெயின்ட் ஸ்டிக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இடப்பக்கத் தட்டில் ஐந்து குச்சி. பயன்படுத்தியதை மூடி வலப்பக்கப் பெட்டியில் போட வேண்டும். தட்டு காலியானால் இன்றைக்கு முடிந்தது. குச்சிகள் மூடாமல் காய்ந்துபோகும் பிரச்சினையும் இதிலேயே தீர்கிறது. அவர் இன்னும் வேண்டும் என்றால் இன்னொரு ஐந்து. நீங்கள் இன்னும் வேண்டும் என்று நினைத்தால் அது கணக்கில் வராது.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது இவையெல்லாம் நிறுத்தச் சொல்லும் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சந்தோஷத்திலும் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வது, குச்சியைத் தள்ளிவிடுவது, விரல்களை உடையில் திரும்பத் திரும்பத் துடைப்பது, காதைப் பொத்துவது: இவை ‘போதும்’. அதைக் கேட்டு உடனே நிறுத்தினால்தான் அடுத்த முறை வருவார்.

வாயில் வைப்பவர் இருந்தால்

பெட்டியில் ஏஎஸ்டிஎம் டி-4236 அல்லது இஎன் 71 என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது கலைப் பொருள்களின் உடல்நல ஆபத்தைப் பெட்டியில் குறிப்பிடுவதற்கான அமெரிக்கத் தரம், இரண்டாவது ஐரோப்பிய பொம்மைத் தரம். நஞ்சில்லாதது என்றால் தின்னலாம் என்று பொருளல்ல. குச்சி மென்மையானது, ஒரே கடியில் ஒரு பெரிய துண்டு வரும். ஐரோப்பியத் தரத்தில் ஃபிங்கர் பெயின்டுக்குக் கசப்புப் பொருள் சேர்த்தே ஆக வேண்டும். பெயின்ட் ஸ்டிக் அந்த விதியில் வராது. அதைவிட ஆபத்தானது மூடி. சிறு குழந்தைகளுக்கு மூச்சடைக்கும் பொருளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், இந்த மூடிகள் அதற்குள் எளிதாக விழும். எதையும் வாயில் போடும் பழக்கம் உள்ளவர் எந்த வயதாக இருந்தாலும், மூடிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மெல்லும் தேவைக்கென்றே செய்த சிலிக்கோன் மெல்லியை பக்கத்தில் வைத்தால் குச்சி வாய்க்குப் போவது குறையும்.

நுண்கோட்டை மட்டுமே விரும்புகிறவருக்கும், பொருள்களைக் கடித்து விழுங்குகிறவருக்கும் இதை வாங்க வேண்டாம். முதலாமவருக்கு நல்ல கலர் பென்சில், இரண்டாமவருக்குத் தண்ணீர் நிரப்பிய பிரஷ் பேனாவும், நனைந்தால் நிறம் மாறிக் காய்ந்தால் பழையபடி ஆகும் தாளும் பொருத்தம். மற்றவர்களுக்கு 12 நிறப் பெட்டி இரண்டு, 160 ஜிஎஸ்எம் ஏ3 தாள், மாஸ்கிங் டேப், மணல் கடிகாரம், ஒரு கட்டுத் துண்டுத் தாள். மெட்டாலிக், நியான் பெட்டிகளை இப்போது விட்டுவிடுங்கள். முதல் பெட்டியில் எந்த நிறம் முதலில் தீர்கிறது என்று பார்த்த பிறகு வாங்கலாம்.